ரேடியோவில் பேசிய ரன் மன்னர் விஜய் மெர்ச்சன்ட்

திருநெல்வேலிச் சீமையில் கிரிக்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் சொற்பம். காதால் கேட்டவர்கள்தான் அதிகம்.

பொங்கல் சமயத்தில் சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் மாட்ச் நடக்கும். நெல்லையிலிருந்து ஓர் இரவு முழுவதும் ரெயிலில் போக வேண்டும். டிக்கெட் கிடைக்க வேண்டும். கையில் காசு வேண்டும். யாரால் முடியும்? ஆகவே, ஜங்ஷன் பக்கத்து டீக்கடை ரேடியோவே மைதானம் ஆயிற்று. ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டே ஸ்கோர் கேட்டுவிட்டுப் போவார்கள். கிரிக்கெட் மட்டையையே தொட்டிராத பெரியவர்கள்கூட நின்று விசாரிப்பார்கள்.

அந்த ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குரல் கேட்கும். விவித் பாரதி ஒலிபரப்பில் கிரிக்கெட் வித் விஜய் மெர்ச்சன்ட் என்று ஒரு நிகழ்ச்சி. அதை நடத்திய விஜய் மெர்ச்சன்ட் ஒரு காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர். பம்பாயில் பெரிய மில் முதலாளி. ஆனால் அவர் மட்டை பிடித்து ஆடியதை நம் பக்கத்து ரசிகர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அவர் ஒரு குரல்தான்.

அந்தக் குரலுக்கு உரியவரின் கதையைக் கேளுங்கள்.

பெயர் வந்த வேடிக்கை

1911-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி பம்பாயில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் விஜய் மாதவ்ஜி தாக்கர்சே. தாக்கர்சே குடும்பம் பம்பாயில் பஞ்சாலைகள் நடத்திய பெரிய செல்வக் குடும்பம்.

பிறகு மெர்ச்சன்ட் எப்படி வந்தது?

பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது ஆசிரியர் பெயரைக் கேட்டாராம். பையன் சொன்னான். அப்பாவுக்கு என்ன தொழில் என்றும் கேட்டாராம். வியாபாரம் என்பதற்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தையைப் பையன் சொன்னான். மெர்ச்சன்ட் என்றால் வியாபாரி. ஆசிரியர் அதையும் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். தாக்கர்சே போய் மெர்ச்சன்ட் நிலைத்தது. பின்னால் கிரிக்கெட் ஆடிய தம்பி உதயும் மெர்ச்சன்ட் என்றே அழைக்கப்பட்டார்!

நம் ஊர்ப் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் தவறாக விழுந்த பிறந்த தேதியைச் சாகும்வரை சுமந்தவர்கள் எத்தனை பேர்! பம்பாயிலும் அதே கதைதான்.

சிடன்ஹாம் கல்லூரியில் படிக்கும்போதே மெர்ச்சன்டின் ஆட்டம் பம்பாய் முழுவதும் பேச்சாகிவிட்டது.

காந்தி ஜெயிலில், நான் மைதானத்திலா?

1932-ல் இந்திய அணி முதல் தடவையாக டெஸ்ட் ஆட இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கிரிக்கெட் ஆடும் எந்த இளைஞனும் அந்தக் கப்பலில் ஏறத் தவம் கிடப்பான். மெர்ச்சன்டுக்கு அப்போது வயது 20.

அவர் போகவில்லை. மகாத்மா காந்தியும் மற்றத் தலைவர்களும் சிறையில் இருந்தார்கள். அவர்களைச் சிறையில் வைத்த ஆட்சியின் நாட்டுக்கு விளையாடப் போவதில்லை என்று மறுத்துவிட்டார்.

இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடிய பதினோரு பேரில் ஒருவராகும் வாய்ப்பு அதோடு போயிற்று.

அடுத்த ஆண்டு, 1933 டிசம்பரில், இங்கிலாந்து அணி இங்கே வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பம்பாயில். அதில் மெர்ச்சன்ட் ஆடினார். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் டெஸ்ட் நடந்தபோதும் இந்திய அணியில் இருந்தார். தமிழ்நாட்டார் சிலருக்கு அவரை நேரில் பார்க்கும் பாக்கியம் அப்போது கிடைத்தது.

ஒரே நாளில் 588 ரன்!

1936-ல் இங்கிலாந்துப் பயணம். இந்தத் தடவை மெர்ச்சன்ட் போனார். அணிக்குத் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். விஜ்ஜி என்று எல்லாரும் சொல்வார்கள். அரச குடும்பம், ஏராளமான பணம். ஆட்டம் மட்டும் அந்த அளவுக்கு இல்லை. அணிக்குள் சண்டை சச்சரவுக்குக் குறைவில்லை.

மான்செஸ்டரில் இரண்டாவது டெஸ்ட். இங்கிலாந்து மலைபோல் 571 ரன் குவித்தது. இந்தியா முதல் இன்னிங்சில் எடுத்தது 203. இரண்டாவது இன்னிங்சை ஆரம்பிக்கும்போது 368 ரன் பின்தங்கியிருந்தது. தோல்வி நிச்சயம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் இறங்கினார்கள். முஷ்டாக் அலி இந்தூர்க்காரர், காற்றுப்போல் ஆடுகிறவர். மெர்ச்சன்ட் அளந்து ஆடுகிறவர். ஒருவர் பாய, இன்னொருவர் பொறுக்க, ரன் ஏறிக்கொண்டே போயிற்று. அன்று பொழுது சாயும்போது விக்கெட் இழக்காமல் 190! இரண்டு அணியும் சேர்ந்து அன்று ஒரே நாளில் எடுத்தது 588 ரன். டெஸ்ட் சரித்திரத்தில் ஒரு நாளில் எடுக்கப்பட்ட அதிக ரன் அதுதான்.

மறுநாள் ஜோடி 203-ல் பிரிந்தது. முஷ்டாக் அலி 112, மெர்ச்சன்ட் 114. ஆட்டம் டிராவில் முடிந்தது. தோற்க வேண்டிய மாட்சை இருவரும் காப்பாற்றினார்கள்.

இதில் ஒரு கதை வழங்குகிறது. மெர்ச்சன்டை ரன் அவுட் ஆக்கிவிடும்படி காப்டனே முஷ்டாக் அலியிடம் சொன்னாராம். முஷ்டாக் அலி அதை மெர்ச்சன்டிடம் சொல்லிவிட, இருவரும் சிரித்துக்கொண்டே ஆடினார்களாம். கதை எப்படியோ, 203 ரன் புத்தகத்தில் இருக்கிறது.

கிரிக்கெட் வேதம் என்று சொல்லப்படும் விஸ்டன் ஆண்டு மலர், 1937-ல் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

யுத்தம் விழுங்கிய பத்து வருஷம்

அதற்குப் பிறகு என்ன? டெஸ்ட் இல்லை. 1939-ல் உலக யுத்தம் வந்தது. 1936 ஆகஸ்டுக்குப் பிறகு 1946 ஜூன் வரை இந்தியா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. மெர்ச்சன்டின் 24-வது வயதிலிருந்து 34-வது வயது வரை, ஓர் ஆட்டக்காரனின் நல்ல பருவம் முழுவதும், அப்படியே போயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள் நடந்த பந்தயங்களில் ரன் குவித்தார். 1943 டிசம்பரில் பம்பாய் பிராபோர்ன் மைதானத்தில் நடந்த பந்தயத்தை இன்றும் சொல்வார்கள். மெர்ச்சன்ட் அவுட் ஆகாமல் 250 எடுத்தார். எதிர் அணியில் விஜய் ஹசாரே, தன் அணி மொத்தம் எடுத்த 387 ரன்னில் தான் ஒருவராகவே 309 எடுத்துவிட்டார்! சில நாளில் மெர்ச்சன்ட் மகாராஷ்டிர அணிக்கு எதிராக அவுட் ஆகாமல் 359 எடுத்தார். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் போட்டி போட்டுச் சீர் செய்வதுபோல் இருந்தது.

முதல்தர ஆட்டங்களில் அவர் சராசரி 71-க்கு மேல். உலகத்தில் நெடுங்காலம் ஆடியவர்களில் அவருக்கு மேலே இருப்பவர் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் ஒருவரே.

மட்டையால் அல்ல, காலால்!

1946-ல் மறுபடியும் இங்கிலாந்து. மூத்த பட்டோடி நவாப் காப்டன், மெர்ச்சன்ட் உதவிக் காப்டன். தலைமை மெர்ச்சன்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று அன்றே பலர் பேசினார்கள். இந்தப் பேச்சை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தப் பயணத்தில் மெர்ச்சன்ட் 2,385 ரன் எடுத்தார். லண்டன் ஓவல் டெஸ்டில் 128. அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஒரு ரன்னுக்கு ஓடும்போது பந்து டெனிஸ் காம்ப்டன் பக்கம் உருண்டது. காம்ப்டன் கால்பந்திலும் பெரிய புள்ளி, ஆர்சனல் அணிக்காரர். குனிந்து எடுக்க நேரமில்லை என்று கண்டு காலால் ஓர் உதை விட்டார். பந்து நேராகப் போய் ஸ்டம்பில் விழுந்தது. மெர்ச்சன்ட் அவுட்!

1947-ல் ஆஸ்திரேலியா போகும் அணிக்கு அவரே காப்டன் என்று அறிவித்தார்கள். உடம்பு இடம் கொடுக்கவில்லை. லாலா அமர்நாத் தலைமையில் அணி போயிற்று. பிராட்மனும் மெர்ச்சன்டும் எதிரெதிரே ஆடும் காட்சியை உலகம் பார்க்கவே இல்லை.

1951 நவம்பர், டில்லி. வயது 40. கிழவர் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். அவர் 154 ரன் எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்வில் அதுவே அதிகம். அதே ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது தோளில் அடிபட்டது. அதோடு டெஸ்ட் ஆட்டம் முடிந்தது.

முதல் டெஸ்டுக்கும் கடைசி டெஸ்டுக்கும் நடுவே 18 வருஷம். ஆடியதோ பத்து டெஸ்ட்! 859 ரன், மூன்று சதம்.

மைக் முன்னால்

இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனை ரேடியோவில் ஆரம்பித்தது 1934-ல், பம்பாயில். ஏ.எப்.எஸ். தல்யார்கான் என்ற பார்ஸிக்காரர் முன்னோடி. தனி ஒருவராக நாள் முழுவதும் பேசுவார். மைக்கை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ள அவருக்குப் பிடிக்காது. பிறகு பலர் மாறி மாறிப் பேசும் முறை வந்தது. பந்துக்குப் பந்து சொல்ல ஓர் ஆள். ஓவருக்கு நடுவே, அந்தப் பந்து ஏன் அப்படித் திரும்பியது, அந்த வீரர் ஏன் தவறினார் என்று விளக்க, ஆடிப் பழகிய நிபுணர் ஓர் ஆள். மெர்ச்சன்ட் இந்த நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கை என்னவென்றால், 1936-ல் காப்டனாக இருந்த அதே விஜ்ஜியும் பின்னாளில் ரேடியோ வர்ணனையாளர் ஆனார்!

ரேடியோவில் கிரிக்கெட் சொல்வது லேசான காரியமா? யோசித்துப் பாருங்கள். கேட்கிறவன் கண்ணுக்கு எதிரே ஒரு மரப்பெட்டிதான் இருக்கிறது. அவனுக்கு வெயிலைக் காட்ட வேண்டும். பந்து வீசுகிறவன் எத்தனை அடி ஓடிவருகிறான், எந்தப் பக்கம் ஆள் நிற்கிறான், எந்தப் பக்கம் காலி, எல்லாம் சொல்ல வேண்டும். ஒரு விநாடி வாயை மூடினால் கேட்பவனுக்கு மைதானமே இருட்டு. ஓயாமல் பேசினாலோ ரேடியோவை நிறுத்திவிடுவான்.

மெர்ச்சன்ட் ஆடிய முறையே ஒழுங்கு. கடைசி நேரம் வரை பந்தைப் பார்த்து, அது தன்னைத் தாண்டும்போது மெல்லத் தட்டிப் பின்பக்கம் அனுப்புவார். லேட் கட் என்று அதற்குப் பெயர். அவசரக்காரனுக்கு அது வராது. பேச்சும் அப்படியே. ஆட்டத்தின் புள்ளிவிவரங்கள் அவருக்கு விரல் நுனியில் இருந்தன.

1960 ஜனவரியில் பம்பாயில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். ஐதராபாத் இளைஞர் அப்பாஸ் அலி பேக் அழகாக ஆடி 50 ரன்னைத் தாண்டினார். மைதானத்துக்குள் ஓர் இளம் பெண் ஓடி வந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள்! அந்த நாளில் கேட்கவா வேண்டும்? மைதானமே அதிர்ந்தது. அப்போது மைக் முன்னால் இருந்தவர் மெர்ச்சன்ட். வேறு யாராவது இருந்தால் திகைத்திருப்பார், அல்லது ஒழுக்க உபதேசம் செய்திருப்பார். இவரோ, தாம் நூறும் இருநூறுமாக அடித்த காலத்தில் இந்தத் துணிச்சல்காரப் பெண்களெல்லாம் எங்கே போயிருந்தார்களோ என்று வியந்தார். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஊர்களெல்லாம் சிரித்தன.

விவித் பாரதி 1957 அக்டோபரில் ஆரம்பமானது. அதற்கு முன்பு நம் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலிதான் ராஜா. திருநெல்வேலிக்கென்று தனி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. டிரான்சிஸ்டரும் பரவியது. வயல் வரப்பில்கூடப் பாட்டு. சினிமாப் பாட்டுக்காகத் திருகிய விவித் பாரதியில் ஞாயிற்றுக்கிழமை மெர்ச்சன்டும் வந்து சேர்ந்தார். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்வார். புதிதாகத் தலையெடுக்கும் பையன்களைப் பற்றிச் சொல்வார். மாட்ச் இல்லாத வாரத்திலும் கிரிக்கெட் வீட்டுக்குள் வந்தது. பாட்டுக்காகக் காத்திருந்த தாய்மார்கள் காதிலும் கொஞ்சம் கிரிக்கெட் விழுந்தது!

பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு முதலாளி

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே பார்வையற்றோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் என்றால் ரேடியோதான். கண் உள்ளவன், கண் இல்லாதவன் என்ற வித்தியாசம் ரேடியோ மாட்சில் கிடையாது. இருவருக்கும் ஒரே டிக்கெட்.

படித்து முடித்த பிறகு? அங்கேதான் கஷ்டம். பார்வையற்றவருக்குப் பரிதாபப்பட்டுக் காசு கொடுக்கப் பத்துப் பேர் உண்டு. வேலை கொடுக்க ஒருவர்கூட அகப்படமாட்டார்.

மெர்ச்சன்ட் வேலை கொடுத்தார்.

பஞ்சாலை என்றால் நெல்லைச் சீமைக்குப் புதிது அல்ல. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் மில் கட்டினார்கள். விக்கிரமசிங்கபுரமே அதனால் வளர்ந்த ஊர். சங்கு ஊதுவதும், ஷிப்டு மாறுவதும், கதிர் சுற்றும் இரைச்சலும் அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவே பார்வையற்றவரையும் ஊனமுற்றவரையும் வேலைக்கு வைப்பது என்றால் மானேஜர்கள் என்ன சொல்வார்கள்? ஆபத்து என்பார்கள், உற்பத்தி குறையும் என்பார்கள். ஆனால் மில்லில் உள்ள அத்தனை வேலைக்கும் கண் வேண்டும் என்பதில்லை. விரல் பழகிச் செய்யும் வேலைகள் உண்டு. மெர்ச்சன்ட் தம் மில்லில் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டார். மற்ற முதலாளிகளிடமும் அவர்களுக்காகப் பேசினார்.

1952-ல் பம்பாயில் தொடங்கிய தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் பணியில் பல வருஷம் உழைத்தார். கிரிக்கெட்டில் சம்பாதித்த பெயரை இதற்காகத் தாராளமாகச் செலவு செய்தார். தானம் கேட்டு வந்த பெரிய மனிதரைத் திருப்பி அனுப்பலாம். மெர்ச்சன்ட் வந்து கேட்டால் எப்படி அனுப்புவது?

ஒரே ஓட்டு

இனி அந்தப் பழைய பேச்சுக்கு வருவோம்.

1960-களின் கடைசியில் மெர்ச்சன்ட் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவர் ஆனார். இளைஞர்களுக்கு இடம் கொடுத்தார். மைசூர் விசுவநாத் 1969-ல் கான்பூரில் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அதே காலத்தில் வந்தவர் பம்பாய் சோல்கர்.

1971 ஜனவரி. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் அணிக்கு யார் காப்டன்? பல வருஷமாகத் தலைமை வகித்தவர் இளைய பட்டோடி நவாப், மன்சூர் அலிகான். 1961-ல் நடந்த கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தும் உலகம் மெச்ச ஆடியவர். 1946-ல் காப்டனாகப் போனாரே, அந்த மூத்த பட்டோடியின் மகன்!

குழுவில் ஓட்டுகள் சமமாகப் பிரிந்தன. தலைவர் தம் ஓட்டைப் போட வேண்டிய நிலை. மெர்ச்சன்ட் அதை அஜித் வடேகருக்குப் போட்டார்.

நாடெங்கும் கூச்சல். தகப்பன் மேல் இருந்த பழைய கோபத்தை மகன் மேல் தீர்த்துக்கொண்டார் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு கண் இல்லாமல் ஆடியவரை இறக்கியவர் பார்வையற்றவர்களின் நண்பர்தானா என்று கேட்டாலும் கேட்கலாம். ஒருவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் ஆகாது. ஆனால் வடேகர் அணி என்ன செய்தது என்பது ஊர் அறிந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் முதல் தடவையாகத் தொடரை வென்றது. உதவிக் காப்டன் நம் சென்னை வெங்கட்ராகவன். புதிதாகப் போன 21 வயதுப் பையன் சுனில் கவாஸ்கர் நான்கு டெஸ்டில் 774 ரன் குவித்தான். அதே வருஷம் ஆகஸ்டில் இங்கிலாந்தையும் அதன் மண்ணிலேயே இந்தியா வென்றது. வெற்றி கிடைத்த இடம் லண்டன் ஓவல். 25 வருஷத்துக்கு முன்னால் காம்ப்டனின் உதையில் மெர்ச்சன்ட் அவுட்டாகி நடந்த அதே புல்!

அந்த இரண்டு வெற்றியையும் நெல்லை, பாளை, அம்பாசமுத்திரம் எல்லாம் ரேடியோவில்தான் கேட்டன.

கடைசி அக்டோபர்

1987 அக்டோபரில் உலகக் கோப்பைப் பந்தயம் முதல் தடவையாக இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் டெலிவிஷன் பெட்டியும் வந்துவிட்ட காலம். பந்தயம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த போது, 27-ந்தேதி, விஜய் மெர்ச்சன்ட் பம்பாயில் காலமானார். வயது 76.

அவர் பெயரால் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பைப் பந்தயம் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் ஆடுகிறார்கள். நெல்லைக்குப் பக்கத்தில் தாழையூத்து சங்கர் நகரில் இன்று பெரிய கிரிக்கெட் மைதானமே இருக்கிறது; மாட்ச் பார்க்க இரவு ரெயில் ஏற வேண்டியதில்லை.

மெர்ச்சன்ட் மறைந்த நாலாம் நாள், அக்டோபர் 31-ந்தேதி, நாகபுரியில் நியூசிலாந்தோடு ஆட்டம். 1971-ல் அவருடைய தேர்வுக் குழு அனுப்பிய சுனில் கவாஸ்கர், ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை கிட்டாத சதத்தை அன்று அடித்தார்.